பிச்சைமுத்துவின் கற்கடலும் மைக்கில் நான் சொன்ன சொல்லும்

இந்த நினைவேந்தல் நிகழ்வின் தலைமை நாற்காலியில், துயரம் தாளாமல் அதன் விளிம்பிலே அமர்ந்திருக்கும் நெடும்பாறைப்பட்டி ஊராட்சி மன்றத் தலைவர், என் அருமைத் தங்கை பொற்கொடி அவர்களே! முப்பது நாளாக ஓடியாடி இந்தப் பந்தலை எழுப்பிய நினைவுக் குழுவின் செயலாளர், ஆவூர் ஈன்ற அன்பு ஆசிரியர் மரியசெல்வம் அவர்களே! கல்லோடு பிறந்து, கல்லோடு வளர்ந்து, காய்த்த கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாய் நிற்கும் உழைப்பாளித் தோழர்களே! கட்டுமாவடியிலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் வேன் பிடித்து வந்து, குடம் நிறையக் கொணர்ந்த கடல் தண்ணீரை இடுப்பை விட்டு இறக்காமல் நிற்கும் என் கடற்கரைத் தாய்மார்களே! நரை கண்ட பெரியோர்களே! முன் வரிசையில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில், தரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் செவந்தி அக்கா அவர்களே!

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்கு மட்டும் வணக்கம் பத்தாது. அவருக்கு நான் செலுத்த வேண்டியது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

வேண்டாம் மரியசெல்வம் சார், அந்தப் பொன்னாடையை மடித்து வையுங்கள். என் வீட்டில் இருநூறு கிடக்கிறது. ஒன்றாவது குளிருக்கு ஆனதா? இல்லை. இன்றைக்கு எனக்குப் போர்த்தினீர்கள் என்றால் அது என் தோளைச் சுடும். ஏன் சுடும் என்று கேட்கிறீர்களா? பொறுமையாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர் இந்த மாவட்டத்தில் குறைவு. பெற்றவர் வைத்த பெயர் கருப்பையா. மேடைக்காக நானே வைத்துக்கொண்ட பெயர் கார்முகில். முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் வாத்தியார். நாற்பத்தைந்து ஆண்டு மேடைக்காரன். திருமணம் என்றால் நான், திறப்பு விழா என்றால் நான், தேர்த் திருவிழா என்றால் நான். "மேடைமுரசு" என்று ஒரு பட்டம் வேறு. முரசு என்றால் என்ன? உள்ளே ஒன்றும் இருக்காது, வெளியே சத்தம் மட்டும் இருக்கும். யாரோ தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இந்தச் சிரிப்பு என்னைப் பற்றியது. ஆனால் இதே ஊரில், இதே வாயால், வேறொரு சிரிப்பை ஒரு நாள் வரவழைத்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் பிச்சைமுத்து அண்ணன் யார் என்று, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்ல வேண்டும்.

பின்னால் திரும்பிப் பாருங்கள். நாலு ஏக்கர் பாறை. ஒரு காலத்தில் வெறும் மொட்டைப் பாறை. வெயில் காலத்தில் வடகம் காயப்போடுவதற்கு மட்டும் ஆகும். இன்றைக்கு என்ன தெரிகிறது? அலை! முழங்கால் உயரத்தில் ஓர் அலை, நெஞ்சு உயரத்தில் ஓர் அலை, சுருண்டு வரும் அலை, உடைந்து விழும் அலை, கரையில் வந்து கரைந்து போகும் அலை. கடலிலிருந்து இத்தனை மைல் தள்ளி, காற்றில் ஒரு பொட்டு உப்பு இல்லாத இந்தக் காட்டிலே, கருங்கல்லிலே ஒரு கடல் கிடக்கிறது! யார் செய்தார்? அரசு செய்ததா? பெரிய நிறுவனம் செய்ததா? கல்லூரியில் படித்த சிற்பியா செய்தார்? வேலிக்குக் கல்தூண் உடைத்து, வீட்டுக்கு அம்மி கொத்திப் பிழைத்த ஒரு மனிதர் செய்தார். இருபத்தேழு ஆண்டு செய்தார். பத்திரிகைக்காரர்கள் வந்து "கலைஞரே" என்று அழைத்தால், "நான் கல்லு ஒடைக்குறவன் தம்பி, காப்பி குடிக்குறீங்களா?" என்று கேட்பார்.

ஏன் செய்தார்? அவருக்கு ஒரே ஒரு மகன். நிலவழகன் என்று பெயர், பத்தொன்பது வயது. கல் தூசி அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமல். "எனக்குக் கல்லு வேணாம்ப்பா, நான் கட்டுமாவடிக்குப் போயி படகுல ஏறுறேன், உப்புக் காத்து ஒடம்புக்கு நல்லதாம்" என்று சொன்னான். அண்ணனும் "போயிட்டு வாய்யா" என்று பஸ் ஏற்றிவிட்டார். எட்டாவது மாதம், தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஐப்பசியில், திடீரென்று கிளம்பிய சூறைக் காற்றில் மூன்று பேர் போன படகு கவிழ்ந்தது. இரண்டு பேருடைய உடல் மணமேல்குடிப் பக்கம் கரை ஒதுங்கியது. மூன்றாவது உடல் வரவில்லை. நாற்பது நாள் அண்ணன் கடற்கரையில் நடந்தார். ஒதுங்கியிருந்த மரக்கட்டையை எல்லாம் மகன் என்று நினைத்து ஓடி ஓடிப் பார்த்தார்.

உடல் வராத வீட்டின் துயரம் உங்களுக்குத் தெரியுமா? செத்தவனுக்குச் செய்ய நம்மிடம் எல்லாம் இருக்கிறது. தேர் கட்டுகிறோம், கொட்டு அடிக்கிறோம், பால் தெளிக்கிறோம், பதினாறு செய்கிறோம், படம் மாட்டி மாலை போடுகிறோம். வராதவனுக்கு என்ன செய்வது? எதைத் தூக்குவது? எதைக் குளிப்பாட்டுவது? எதன் மேல் விழுந்து அழுவது? அழுதால் "ஏன் அழுவுற, அவன் செத்தா போனான்?" என்று ஊர் கேட்கும். அழாமல் இருந்தால் "பாரு, கல்லு மனசுக்காரி" என்று அதே ஊர் சொல்லும்.

அண்ணனின் மனைவி செவந்தி அக்கா இன்றுவரை ரேஷன் கார்டில் மகன் பெயரை நீக்கவிடவில்லை. இறப்புச் சான்று கேட்ட அதிகாரியிடம், "உசுரோட இருக்கவனுக்கு எதுக்குய்யா சர்டிபிகேட்டு?" என்று கேட்டவர் அவர். அவன் விட்டுப்போன நீலக் கட்டம் போட்ட சட்டையை வெள்ளிக்கிழமைதோறும் துவைத்துக் காயப்போடுகிறார். இருபத்தேழு வருஷத்து வெள்ளிக்கிழமைகள்! அந்தச் சட்டை இப்போது துணியாகவா இருக்கிறது? சிலந்தி வலை மாதிரி இருக்கிறது. அடித்துத் துவைத்தால் கிழிந்துவிடும் என்று தண்ணீரில் அலசி மட்டும் எடுக்கிறார்.

நாற்பது நாள் கழித்து ஊர் திரும்பிய அண்ணன் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பாறையில் ஏறினார். கடல் என் பிள்ளையைக் கொடுக்கவில்லை, சரி. அப்படியென்றால் கடலையே இங்கே கொண்டு வருகிறேன் என்று உட்கார்ந்தார். கல்லில் நார் உரிப்பது என்று பழமொழியாகச் சொல்வோம். எங்கள் பிச்சைமுத்து கல்லில் கடலையே உரித்தார். பகலெல்லாம் பிழைப்புக்கு அம்மி கொத்துவார். பொழுது சாய்ந்தால் அலை கொத்துவார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அப்போதுதான் கட்டுமாவடியிலிருந்து ஷீபா வந்தார். எங்கேம்மா ஷீபா? அதோ, குடத்தோடு நிற்கிறார். அன்றைக்கு அவருக்கு இருபத்திரண்டு வயது. கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் வரவில்லை. "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு அலை கொத்திக் குடுங்க" என்று கேட்டார். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "கொத்துறதுன்னா நீதாம்மா கொத்தணும். நான் கோடு போடுவேன், உளி தீட்டித் தருவேன். ஒங்க அலைய ஒங்க கைதான் கொத்தணும்" என்றார். காவியைக் கரைத்து, பாறையில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். அந்தப் பெண் ஒன்பது நாள் கொத்தினார். முடிந்ததும் ஊரிலிருந்து ஒரு குடம் கடல் தண்ணீர் கொண்டுவந்து அந்த அலையின் மேல் ஊற்றினார். ஊற்றிவிட்டு, இரண்டு வருஷமாக அழாத அழுகையை அழுதார்.

அன்றிலிருந்து அதுதான் இந்தப் பாறையின் வழக்கம். உடல் வராத வீட்டார் வருவார்கள். அண்ணன் காவிக் கோடு போடுவார். அவர்கள் கொத்துவார்கள், கடல் தண்ணீர் ஊற்றுவார்கள், அழுவார்கள், போவார்கள். இன்றைக்கு இந்தப் பாறையில் இருநூற்றுப் பதின்மூன்று அலைகள் இப்படி வந்த கைகள் கொத்தியவை. இந்து கொத்தினான், கிறிஸ்துவன் கொத்தினான், முஸ்லிம் கொத்தினான். கடல் யாரையும் சாதி மதம் கேட்டா எடுத்தது? அவற்றுக்கு நடுவே, அவற்றைச் சேர்த்துக் கட்டும் பெருங்கடல் முழுவதும் அண்ணன் கையால் ஆனது.

என்னது? பின்னால் சத்தம் கேட்கவில்லையா? மைக்செட் அண்ணே, கொஞ்சம் கூட்டி வையுங்கள். இனிமேல் சொல்லப் போவது எல்லோருக்கும் கேட்க வேண்டும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், காணும் பொங்கல் அன்று, இதே ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டு விழா. சிறப்புரைக்கு நான். நல்ல கூட்டம், நல்ல வெயில், ஆனால் ஜனங்கள் கவனிக்கவில்லை. கயிறு இழுக்கும் போட்டிக்காகக் காத்திருக்கிறார்கள். மேடைக்காரனுக்குக் கூட்டம் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? பசித்தவன் மாதிரி ஆகிவிடுவான், எதையும் எடுத்து வாயில் போடுவான். எனக்கு அப்போது நாக்கில் சனி உட்கார்ந்தது.

சொன்னேன்: "உங்கள் ஊரில் ஒருவர் கல்லிலே கடல் செய்கிறாராமே! கட்டுமாவடிக்கு டவுன் பஸ் இருக்கிறதே, அது அவருக்குத் தெரியாதா? பரவாயில்லை, செய்யட்டும். நாளைக்கு அந்தக் கடலில் மீன் பிடித்தால் எனக்கும் ஒரு கூறு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று, அது கல் மீன்! பல் உள்ளவர்கள் மட்டும் வாங்குங்கள்!"

என்ன சிரிப்பு! என்ன கைத்தட்டல்! மைதானமே குலுங்கியது. நாற்பத்தைந்து ஆண்டு மேடை வாழ்க்கையில் அப்படி ஒரு கைத்தட்டலை நான் வாங்கியதில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவி கலைமதியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவுகளுக்குப் புள்ள செத்துருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் என்ன செய்தேன்? நகைச்சுவை உணர்வு இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சொல் மேடையோடு போயிற்றா? போகவில்லை. வாய்விட்ட சொல் வழிப்போக்கன் கைக்குப் போய்விடும். கடையில் நின்றால் "என்ன செவந்தி, மீனு வந்துருச்சா?" என்றார்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "கடலுக்கு ஒரு டிக்கெட்டா?" என்றார். அண்ணன் தெருவில் நடந்தால் பிள்ளைகள் "கல்லு மீனு, கல்லு மீனு" என்று பின்னால் ஓடின. அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். ஆனால் அக்கா? அக்கா அதற்குப் பிறகு இந்தப் பாறையின் மேல் கால் வைக்கவே இல்லை. புருஷன் இருபது அடி தூரத்தில் கொத்திக்கொண்டிருப்பார். அக்கா பாறையின் ஓரத்திலே, மண்ணிலே நின்று, தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "நேரமாகிவிட்டது, திறப்பு இருக்கிறது." தெரியும் தங்கச்சி. வாழ்நாள் முழுக்க இந்தச் சீட்டை மதிக்காதவன் நான். இன்றைக்கு ஒரு நாள் நியாயத்துக்காக மதிக்காமல் இருந்துகொள்கிறேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது. என் மூத்த மகன் குணசேகரன், வளைகுடாவில் வேலை. கொரோனா வந்த அந்தக் கோடையிலே, முப்பத்தொரு வயதில் போய்விட்டான். விமானம் இல்லை. உடல் வராது என்றார்கள். அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்கள். ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது: மணல் மேடு, ஒரு கல், அதிலே ஒரு நம்பர். என் பிள்ளைக்குப் பேர் இல்லையா ஐயா? குணத்துக்கே சேகரன் என்று தேடித் தேடி வைத்தேனே! நான் மைக் பிடித்தால் மூன்று மணி நேரம் பேசுவேன். அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

நாலு மாதம் வீடு வீடாக இல்லை. ஒரு நாள் கலைமதி எழுந்து புடவையை மாற்றினாள். "எங்க கெளம்புற?" என்றேன். "நீங்க சிரிச்ச எடத்துக்குத்தான். வாரீகளா, நான் மட்டும் போகவா?" என்றாள். போனேன். முகக்கவசம் போட்டிருந்தேன், அது நோய்க்காக மட்டும் இல்லை.

அண்ணன் உளி தீட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகத்தை மூடினாலும் என்னைத் தெரியாதா? "வாங்க வாத்தியாரே" என்றார். அவ்வளவுதான். பழைய கதை ஒரு வார்த்தை இல்லை. ஒரு குத்தல் பேச்சு பேசியிருக்கலாமே? ஒரு முறைப்பாவது முறைத்திருக்கலாமே? முறைத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"யாருக்கு?" என்றார்.

"மகனுக்குண்ணே. முப்பத்தொரு வயசு. ஆனா கடல் இல்லண்ணே, பாலைவனம். மணல்லதான் போட்டுட்டாக. இங்க எடம் உண்டா?"

"மணலும் அலை அலையாத்தான கெடக்கும்? வாங்க" என்று சொல்லிவிட்டு, காவிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பதினோரு நாள் நானும் கலைமதியும் கொத்தினோம். சாக்பீஸ் பிடித்த கை. இரண்டாம் நாளே கொப்புளம். ஐந்தாம் நாள் கொப்புளம் உடைந்து, ரத்தமும் கல் தூசியும் கலந்து, அப்போதுதான் எனக்கு முதல் முறையாக அழுகை வந்தது. அலை கோணலாக வந்துவிட்டது. "அண்ணே, ஒங்க கையால ஒரு தட்டுத் தட்டிச் சரி பண்ணிக் குடுங்களேன்" என்று கேட்டேன். "கோணலா இருந்தாத்தான் வாத்தியாரே, ஒங்க மகனுக்கு இது அப்பன் கைன்னு தெரியும்" என்றார். வடக்கோரம் ஏழாவது வரிசையில் போய்ப் பாருங்கள். இந்தக் கடலிலேயே கோணலான அலை என்னுடையது.

கிளம்பும்போது காலில் விழப்போனேன். பிடித்து நிறுத்திவிட்டார். "எங்கிட்ட வேணாம். அன்னைக்கி நீங்க பேசுனது எனக்கு அன்னைக்கே போச்சு. அவளுக்குத்தான் போகல" என்றார். என் கையில் ஓர் உளியைக் கொடுத்தார். இதோ, இந்த உளிதான். "இது எம்மவன் மொதல்ல புடிச்ச உளி. இத நீங்க வச்சுக்கங்க. அவ என்னைக்காச்சும் கேட்டா, நீங்க குடுங்க. எடம் விட்டுத்தான் வச்சிருக்கேன்" என்றார்.

எந்த இடம் என்று கேட்டேனா? கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போனேனா? போகவில்லை. ஐந்து வருஷம்! இந்த உளி என் மேசை டிராயரில் ஐந்து வருஷம் கிடந்தது. ஆயிரம் மேடையில் அஞ்சாமல் ஏறியவனுக்கு, ஒரு வீட்டுப் படியில் ஏறத் தைரியம் இல்லை. வெட்கமாக இருக்கிறது, சொல்லுகிறேன்.

சென்ற மாதம் அண்ணன் போய்விட்டார். நெஞ்சு நிறையக் கல் தூசி. அவருக்கு உடல் இருந்தது. தேர் கட்டினோம், கொட்டு அடித்தோம், ஊரே கூடி அடக்கம் செய்தோம். அவருக்கு இங்கே அலை கிடையாது, வழக்கம் அப்படி.

பிறகு நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? வழக்கமாகச் செய்வதைச் செய்தோம். குழு போட்டோம். குழு போட்டால் கல்வெட்டு! நாலடிக்கு மூன்றடி, கறுப்பு கிரானைட்டில் பளபளவென்று. அதிலே பதினான்கு பெயர். தலைமை இன்னார், முன்னிலை இன்னார், வரவேற்பு இன்னார், "சிறப்புரை: மேடைமுரசு கார்முகில்". பிச்சைமுத்து பெயர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக என் பெயர். அதை எங்கே வைப்பது? இடம் பார்க்கப் போனவன் யார்? நான்தான். பாறை முழுக்க அலை. நட்ட நடுவில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு வழவழவென்று கொத்தாமல் கிடந்தது. "ஆகா, இதுதான் சரியான இடம்" என்றேன். அதிலே மங்கலாக ஒரு சிவப்புக் கோடு. அழுக்கு என்று நினைத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, தென்னந் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவச் சொன்னேன். கழுவின இடத்தில் கல்வெட்டைச் சாய்த்து வைத்து மஞ்சள் திரை போட்டோம். அதோ தெரிகிறதே, அதுதான்.

நேற்று மதியம் நான் அங்கே நின்று, ரிப்பன் எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "வாத்தியாரே" என்று ஒரு குரல். அக்கா. பாறையின் ஓரத்தில், மண்ணில், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.

"அது யாரு எடம்னு தெரியுமா?"

"பொறம்போக்குதானக்கா?"

"எம்மவன் எடம்."

அக்கா அழவில்லை, கத்தவில்லை. ஏதோ பால்காரனிடம் பேசுவது போலச் சொன்னார். "அவன் போயி நாலு வருசம் கழிச்சு, சரி, இனி வரமாட்டான்னு மனசத் தேத்திக்கிட்டு, நானும் ஒரு அலை கொத்துறேன்னு அவருகிட்டச் சொன்னேன். அவரு நட்ட நடுவுல எடம் பாத்து, காவிக் கோடு போட்டு, உளி தீட்டி வச்சாரு. மறுநாள் காலையில கொத்துறதா இருந்துச்சு. மொத நாளு காணும் பொங்கலு. நானும் கூட்டத்துலதான் ஒக்காந்திருந்தேன் வாத்தியாரே. நீங்க மீனுன்னு சொன்னீங்க. பக்கத்துல இருந்தவுக எல்லாம் சிரிச்சாக. சிரிச்சுட்டு, என்னயப் பாத்துட்டு, வாயப் பொத்துனாக. ஊரு சிரிச்ச எடத்துல எம்மவனுக்கு நான் எப்புடிக் கொத்துவேன்? வந்து அவருகிட்டச் சொன்னேன்: அவன் சாகல, நான் கொத்த மாட்டேன்னு."

கேட்டீர்களா தாய்மார்களே? ஒரு தாய், நாலு வருஷம் பாடுபட்டு, தன் பிள்ளை செத்துவிட்டான் என்று ஒத்துக்கொள்ளத் துணிந்தாள். மறுநாள் காலையில் அழுதிருப்பாள். அழுது, ஆறி, தேறியிருப்பாள். ஒரு கைத்தட்டலுக்காக நான் அதைப் பறித்தேன்! இருபத்திரண்டு வருஷம் அந்தத் தாயை அந்தக் கட்டம் போட்ட சட்டையோடு கட்டிப் போட்டேன்! அண்ணன் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அழிந்துபோன கோட்டைத் திரும்பப் போட்டார். இருபத்திரண்டு தடவை. கடைசிக் கோட்டை, அவர் செத்த பதினைந்தாம் நாள், துடைப்பம் வைத்துத் தேய்த்து அழித்தவன் யார்? நான்! கெடுத்ததும் இந்த வாய், அழித்ததும் இந்தக் கை. நுணலும் தன் வாயால் கெடும். நான் அடுத்தவர் வீட்டையும் சேர்த்துக் கெடுத்த நுணல்.

நேற்றே அந்த இடத்திலேயே கை கூப்பினேன். "அக்கா, மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்கிட்டு யாரு இருக்கா கேக்குறதுக்கு? மைக்குல சொன்னத மைக்குலதான் வாத்தியாரே திருப்பி எடுக்கணும்" என்றார். திரும்பி நடந்துவிட்டார்.

அதனால்தான் ஐயா, இந்த மைக்!

நெடும்பாறைப்பட்டி மக்களே, அன்றைக்குச் சிரித்தவர்களே, சிரித்தவர்களின் பிள்ளைகளே, கேளுங்கள். கல் மீன் என்று நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். டவுன் பஸ் என்று சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஒரு தகப்பனின் துக்கத்தைக் கூறு போட்டு விற்றேனே, அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நீங்கள் தட்டிய கைத்தட்டல் இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் இருக்கிறது. அதையும் உங்களிடமே திருப்பிக் கொடுக்கிறேன். இந்தக் கடல் கேலிக்கு உரியதல்ல. பெற்ற வயிறுகள் வந்து ஆறுகிற இடம் இது. செவந்தி அக்கா, நான் செய்தது தவறு. நான் செய்தது பாவம். உங்கள் மகன் நிலவழகன் பெயரைச் சொல்லி, இத்தனை பேர் முன்னிலையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேட்க வேண்டியது என் கடமை, கேட்டுவிட்டேன்.

தங்கை பொற்கொடி, தலைவர் என்ற முறையில் ஓர் உத்தரவு கொடுங்கள். அந்தக் கல்வெட்டை அங்கிருந்து எடுத்துவிடலாமா? தலையை ஆட்டுகிறார். மரியசெல்வம் சார்? அவரும் ஆட்டுகிறார். நன்றி. அந்த ஓரத்தில் நிற்கும் தோழர்களே, நாலு பேர் போய்த் தூக்குங்கள். திரையோடு தூக்குங்கள், திறக்க வேண்டாம். எங்கே வைப்பதா? என் பெயர் இருக்கிறதல்லவா, என் வீட்டுக் கொல்லையில் போடுங்கள். துணி துவைக்க ஆகும்.

பொறுங்கள். கை தட்டாதீர்கள்! தயவுசெய்து தட்டாதீர்கள்.

அக்கா எழுந்துவிட்டார். ஏதோ சொல்கிறார். எல்லோரும் கொஞ்சம் அமைதி. என்னக்கா?

"பேசுனது போதும் வாத்தியாரே. உளியக் குடுங்க" என்கிறார்.

அக்கா, தருகிறேன். இதோ இறங்கி வருகிறேன். ஆனால் கோடு... கோட்டை நான் கழுவிவிட்டேனே அக்கா! போட்டுக் கொடுக்க அண்ணனும் இல்லையே!

என்ன சொன்னார் என்று கேட்டதா உங்களுக்கு? கேட்காதவர்களுக்கு நான் சொல்கிறேன். "வருசா வருசம் ஓரத்துல நின்னு பாத்துருக்கேன். கோடு எங்கன ஆரம்பிச்சு எங்கன முடியும்னு எனக்குத் தெரியும்" என்கிறார்.

வழி விடுங்கள். நாற்காலியை இழுத்துப் போடுங்கள். ஷீபா, குடத்தை எடுத்துக்கொண்டு அக்காவோடு போம்மா. அக்கா, செருப்பு... ஆமாம், கழற்றிவிட்டார். காலை வைக்கிறார். மக்களே, இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தாய் பாறையில் காலை வைத்துவிட்டார்.

தலைமை தாங்கிய தங்கைக்கும், பொறுத்துக்கொண்ட பெரியோர்க்கும், குடத்தோடு நின்ற தாய்மார்களுக்கும், பேச்சைக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, என் வணக்கம். மண்ணுக்குள் உறங்கும் பிச்சைமுத்து அண்ணனுக்கு, ஐந்து வருஷம் தாமதமாக, உளியை ஒப்படைத்துவிட்டேன் என்ற செய்தி.

மைக்செட் அண்ணே, மைக்கை அணைத்துவிடுங்கள். அக்கா கொத்தத் தொடங்கப் போகிறார்.